என் வீட்டுக்காரருக்குச் சாமி வந்தது

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தபோது நாங்கள் டெல்லிக்கு வந்து பல வருஷம் ஆகியிருந்தது. லக்ஷ்மிபாய் நகரில் சர்க்கார் குவார்ட்டர்ஸ், மாடியில் இரண்டு அறை. எங்கள் பிளாக்கிலேயே ஒரே ஒரு வீட்டில்தான் டெலிவிஷன் இருந்த காலம். அவர் ஒரு இலாகாவில் குமாஸ்தா. நான் எட்டாவது வரை படித்தவள். இருவருக்கும் திருச்செந்தூர்ப் பக்கம். எதைத் தொடங்கினாலும் முருகா என்று சொல்லித்தான் தொடங்குவோம். இன்று இதை எழுத உட்காரும்போதும் அப்படித்தான் உட்கார்ந்தேன்.

அவர் சாது. சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. பால் டிப்போ வரிசையில் யாராவது இடித்துக்கொண்டு முன்னால் போனால் இவர் இன்னும் ஓர் அடி பின்னால் நகர்ந்து இடம் கொடுப்பார். அவருடைய ஆபீசர் தஞ்சாவூர்க்காரர், நல்ல மனிதர், அடுத்த காலனியில் குடியிருந்தார். அவர் உட்காரச் சொன்னாலும் இவர் நின்றுகொண்டேதான் பதில் சொல்வாராம். மாதாமாதம் கிருத்திகைக்கு ஏதாவது ஒரு வீட்டில் பஜனை நடக்கும். அங்கேயும் இவர் சுவர் ஓரமாக உட்கார்ந்து ஜால்ரா போடுவாரே தவிர, ஒரு நாமாவளியை முன்னால் நின்று எடுத்துப் பாடியது கிடையாது.

வியாதி தெரிந்ததும் டிஸ்பென்சரி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஒரு நாள் கூட நிறுத்தக் கூடாது என்று அவர் விரலை ஆட்டிச் சொன்னதை இவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். வீட்டிலேயே சோதனை செய்யவும் சொல்லிக் கொடுத்தார்கள். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சில சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொதிக்க விட வேண்டும். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று போகப் போக மோசம். அந்த வேலை என்னுடையது. செங்கல் நிறம் வந்த நாளில் நான் ஒன்றும் கேட்க மாட்டேன். குழாயை அவர் முகத்துக்கு நேரே பிடிப்பேன். "ஆபீஸ்ல ஒருத்தனுக்குப் பேரன் பொறந்திருக்கான். லட்டு கொடுத்தான், வேண்டாம்னு சொல்ல முடியல" என்று அவரே சொல்லிவிடுவார்.

அந்த ஐப்பசியில் கந்த சஷ்டி விரதம் ஆறு நாளும் இருந்தே தீருவேன் என்றார். எங்கள் பக்கத்தில் அது சாதாரண விரதமில்லை. பகல் முழுவதும் பச்சைத் தண்ணீர், ராத்திரி கொஞ்சம் பாலும் பழமும், அவ்வளவுதான். விரதத்தை விடவில்லை. மாத்திரையையும் விடவில்லை. டாக்டருக்கும் நல்ல பிள்ளை, முருகனுக்கும் நல்ல பிள்ளை. காலையில் குழாயைக் கொதிக்க வைத்தால் நீலம். மறுநாளும் நீலம். இத்தனை நாள் மருந்து செய்யாததை விரதம் செய்துவிட்டது என்று எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. அவர் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "மயில் கழுத்து நிறம் பாத்தியா" என்றார். சர்க்கரை ஏறினால்தான் அந்தக் குழாய் சொல்லும், அளவுக்கு மேல் இறங்கினால் சொல்லாது என்று எங்களுக்கு அப்போது யாரும் சொல்லித் தரவில்லை.

சஷ்டி முடியும் முன் ஒரு சாயங்காலம் ஆபீசர் வீட்டில் பஜனை. டெல்லியில் குளிர் தொடங்கிவிட்டது, எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருந்தோம். பாட்டு நடுவில் இருந்தபோது இவருடைய ஜால்ரா தாளம் தப்பியது. திரும்பிப் பார்த்தேன். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. சட்டையெல்லாம் நனைந்திருந்தது. கை வெடவெடவென்று ஆடியது. எழுந்தார். பாட்டு நின்றது. என்ன வேண்டும் என்று ஆபீசர் எழுந்து அருகில் வந்தார்.

"ஏல, உக்காருல."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. எங்கள் ஊரில் மாடு மேய்க்கும் பையனைக் கூட அவர் அப்படி அதட்டியிருக்க மாட்டார். ஆபீசர் முகம் ஒரு கணம் கறுத்தது. பிறகு என்ன நினைத்தாரோ, அப்படியே உட்கார்ந்து கைகூப்பிவிட்டார். அருள் வந்திருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். சூடம் ஏற்றினார்கள். ஆபீசரின் சம்சாரம், நாங்கள் மாமி என்று கூப்பிடுவோம், அழுதுகொண்டே முன்னால் வந்து, பெண்ணுக்கு வரன் தள்ளிக்கொண்டே போகிறதே, கல்யாணம் நடக்குமா என்று கேட்டார். இவர் தலை ஒரு பக்கமாக ஆடியது. நடக்கும் என்று சொல்கிறார் என்றார்கள்.

நானும் விழுந்து கும்பிட்டேன். கட்டின புருஷன் காலில்தான், ஆனால் முருகன் கால் என்று நினைத்துக் கும்பிட்டேன். "முருகா, இவரை எனக்கு நல்லபடியா வச்சிருப்பியா" என்று கேட்டேன். அவர் என்னைக் குனிந்து பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் யார் என்றே தெரியவில்லை. சாமியின் பார்வை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். உடம்பெல்லாம் எனக்குப் புல்லரித்தது. அப்போது, குழறலாக, பல்லைக் கடித்தபடி, "பசிக்குது" என்றார்.

"சுவாமிக்குப் பசிக்கறதாம், பஞ்சாமிர்தம் எடுத்துண்டு வாங்கோ" என்றார் மாமி. நைவேத்தியத்துக்கு வைத்திருந்த பஞ்சாமிர்தத்தை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து நானே ஊட்டினேன். வாழைப்பழம், வெல்லம், தேன், பேரீச்சை. ஒரு கிண்ணமும் போயிற்று. மெதுவாக ஆட்டம் நின்றது. சுவரில் சாய்ந்து கண்ணைத் திறந்து, எல்லோரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்து வெட்கப்பட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டார். சாமி மலையேறிவிட்டது என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அவருக்கு ஒன்றுமே நினைவில்லை. நான் சொன்னேன். மறுநாளும் கேட்டார். சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, யாரோ வேறு ஒருவர் கதையைக் கேட்பது போலக் கேட்பார். "சாரையா? ஏலன்னா சொன்னேன்? அவர் என்ன செஞ்சாரு?" உட்கார்ந்துவிட்டார் என்று சொல்வேன். முகம் சின்னப் பையன் முகம் மாதிரி மலரும். அவருக்குக் கிடைத்த சாமியை அவர் என் வாய் வழியாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கார்த்திகை பிறக்கும் முன்பே மாமியின் பெண்ணுக்கு வரன் திகைந்தது. அதற்குப் பிறகு கேட்பானேன். கரோல் பாகிலிருந்தெல்லாம் மனிதர்கள் வாக்குக் கேட்க வந்தார்கள். சாமி மறுபடி இறங்கவில்லை, என்றாலும் எங்கே போனாலும் இவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். முதுகு நிமிர்ந்து நடந்தார். பால் டிப்போவில் ஒருவன் இடித்தபோது, "லைன் மே ஆவோ, பையா", வரிசையில் வா தம்பி என்று சொன்னாராம். எனக்கும் உள்ளூரப் பெருமை. நான் இல்லையென்று சொன்னால் பொய்.

ஆனால் அவர் விரத நாட்களைக் கூட்டிக்கொண்டே போனார். செவ்வாய்க்கிழமை, சஷ்டி, கிருத்திகை. ஏன் இத்தனை என்றதற்கு, வயிறு காலியாக இருந்தால்தான் அவன் வருவான் போலிருக்கிறது என்றார். வெறும் வயிற்றில் மாத்திரை மட்டும் தவறாமல் போயிற்று. அந்த நாட்களில் அவருக்குச் சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வந்தது. ஒரு மத்தியானம் எங்கள் பையன் ஹிந்தியில் பதில் சொன்னான் என்று டம்ளரை விட்டெறிந்தார். பிறகு அதுவும் அவருக்கு நினைவில்லை. முருகன் கோபக்காரன்தானே, பழத்துக்காக மலையேறினவன்தானே என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கார்த்திகை மாதத்துக் கிருத்திகையன்றும் அப்படித்தான் பட்டினியோடு ஆபீஸ் போனார். திரும்பி வரும் பஸ்ஸில் எதிர் வீட்டுக்காரரும் கூட இருந்திருக்கிறார். பஜனையில் டோலக் வாசிப்பவர். நடந்ததை ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் அழுதுகொண்டே சொன்னார். சாணக்யபுரி அருகே வரும்போது இவருக்கு வேர்த்து, உடம்பு ஆடி, வாய் குழறியிருக்கிறது. குடித்துவிட்டு ஏறியிருக்கிறான், இறக்கிவிடு என்று கண்டக்டர் சொல்லியிருக்கிறான். குடியில்லை பையா, இவர் மேல் தேவதை வந்திருக்கிறது என்று எதிர் வீட்டுக்காரர் தமக்குத் தெரிந்த ஹிந்தியில் விளக்கியிருக்கிறார். "தேவதா ஹை தோ டாக்ஸி மே ஜாயே" என்றானாம் கண்டக்டர். சாமியென்றால் டாக்ஸியில் போகட்டுமே என்று பஸ்ஸே சிரித்திருக்கிறது. எதிர் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்காமல் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இவர் கண் மேலே செருகி, சீட்டிலிருந்து சரிந்து விழுந்த பிறகுதான் பயந்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

"கும்புட்டுக்கிட்டே நின்னுட்டேன் அக்கா" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவரை நான் என்ன சொல்ல. நான் மட்டும் அன்று வேறென்ன செய்தேன்.

நான் போய்ச் சேரும்போது இவருக்கு உயிர் இருக்கிறதா என்றே தெரியவில்லை. கட்டை மாதிரிக் கிடந்தார். பஞ்சாபி டாக்டரம்மா ஒரு பெரிய ஊசியில் மருந்தை ஏற்றி, கையில் நரம்பைத் தேடி, மெதுவாக அழுத்தினார். ஊசி காலியாகி முடியவில்லை, இவர் கண்ணைத் திறந்தார். பகல் தூக்கத்திலிருந்து எழுப்பினவர் போல என்னைப் பார்த்து, "நீ எங்க இங்க வந்தே" என்றார். நான் என் வாழ்க்கையில் பார்த்த அற்புதம் அது ஒன்றுதான். அது என்ன மருந்து என்று கேட்டேன். சர்க்கரைத் தண்ணீர் என்றார்கள்.

அங்கே ஒரு நர்ஸ் பெண், பாளையங்கோட்டைக்காரி, கழுத்தில் சிலுவை. டாக்டரம்மா கோபமாக ஹிந்தியில் சொன்னதையெல்லாம் அவள் கோபத்தை நீக்கிவிட்டு எங்கள் ஊர்த் தமிழில் சொன்னாள்.

"மாத்திரை சர்க்கரையை எறக்கிக்கிட்டே இருக்கும் அக்கா. சாப்பாடு போகலைன்னா எறங்குறதுக்கு அடியே கெடையாது. மத்த உறுப்பெல்லாம் கொஞ்சம் பொறுத்துக்கிடும். மூளைக்குப் பொறுமை கெடையாது. அதுக்குத் திங்கச் சர்க்கரைதான் வேணும், சேத்து வைக்கவும் தெரியாது. கொறஞ்சா முதல்ல வேர்க்கும், கை நடுங்கும், கோவம் வரும், யார் எவர்னு தெரியாம பேசும். அப்பவே கொஞ்சம் சீனி கொடுத்திட்டா சரியாயிரும். விட்டுட்டா, தூங்கினவங்க எந்திரிக்கவே மாட்டாங்க."

எனக்கு அந்தச் சாயங்காலம் அப்படியே கண் முன்னால் வந்தது. வேர்வை, நடுக்கம், ஏல, பசிக்குது. மூளை வாய்விட்டுச் சோறு கேட்டிருக்கிறது. நான் காலில் விழுந்துகொண்டிருந்தேன். அந்தக் கிண்ணம் பஞ்சாமிர்தம் மட்டும் வராமல், வெறும் சூடத்தோடு நிறுத்தியிருந்தால் அன்றே போயிருப்பார்.

"அப்ப அது சாமி இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"அத நான் சொல்லக் கூடாது அக்கா. இது சர்க்கரை. அது மட்டுந்தான் எனக்குத் தெரியும்" என்றாள்.

அந்தப் பெண் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

அவரிடம் சொல்வதுதான் பெரும்பாடாகிவிட்டது. வீட்டுக்கு வந்து பல நாள் ஆகியும் நான் வாயைத் திறக்கவில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு வைத்தேன், சட்டைப் பையில் கல்கண்டு போட்டு அனுப்பினேன். ஏதோ மயக்கம் என்று அவர் நினைத்துக்கொண்டார். தைக் கிருத்திகை வந்தது. ஆபீசர் வீட்டில் பெரிய பஜனை, வாக்குக் கேட்க வெளியிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள் என்று மாமி சொல்லியனுப்பியிருந்தார். அன்று காலை மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு, சாப்பாடு வேண்டாம், இன்று விரதம் என்றார். வெளியே பனிமூட்டம், எதிர் பிளாக் தெரியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நர்ஸ் சொன்னது அத்தனையும் சொன்னேன்.

அவர் மாத்திரையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "ஒரே ஒரு தடவ என்கிட்ட வந்தான்னு நெனச்சேன். அதையும் சர்க்கரைங்கே" என்றார்.

படித்தவளாக இருந்தால் அதற்கு ஏதாவது சொல்லத் தெரிந்திருக்கும். எத்தனையோ பேர் மேல் சாமி வருவதை நான் எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் பார்த்திருக்கிறேன், அதையெல்லாம் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வராது, இன்றும் வராது. ஆனால் இவர் பட்டினி கிடந்தால் எனக்கு மிஞ்ச மாட்டார் என்பது தெரியும்.

"அவன் வாரதா இருந்தா சோறு தின்ன வயித்துக்கும் வருவான். பட்டினி போட்டுத்தான் இழுக்கணும்னு இல்ல" என்றேன். "விரதம் விட்டுப்போகக் கூடாதுன்னா ஒங்களுக்கும் சேத்து நான் இருக்கேன். புருசன் விரதம் பொண்டாட்டி இருக்கலாம். நீங்க சாப்பிட்டாத்தான் நான் இருக்கிற விரதம் பலிக்கும்."

அப்படி ஒரு விதி உண்டா என்று எனக்குத் தெரியாது. முதல் பாதியைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பின்பாதி அப்போதுதான் வந்தது. முருகன் தந்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

இட்லித் தட்டை அவர் முன்னால் நகர்த்தினேன். வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டார். கண்ணில் நீர் ஓடிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்காமலே தின்றார். சட்னி போடட்டுமா என்று கேட்டேன், தலையாட்டினார்.

சாயங்காலம் பஜனைக்குப் போனோம். கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டு, பட்டு விரித்திருந்தார்கள். கூட்டம் நிறைய. மாமி வந்து அவரை அதில் உட்காரச் சொன்னார். இவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வாசல் பக்கம் பெண்களோடு இருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் அடுத்த கிருத்திகைக்கு மறுபடி பட்டினிதான் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"மாமி, அன்னைக்கு எனக்குச் சர்க்கரை எறங்கிப் போச்சு" என்றார். சத்தம் கம்மிதான். கூடம் அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "ஆஸ்பத்திரில சொன்னாங்க. சாப்பிடாம மாத்திரை போட்டதால வந்த கோளாறு. நீங்கள்லாம் கும்புடுற மாதிரி எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

மாமிக்கு முகம் வாடிவிட்டது. "அப்போ எங்க பொண்ணு கல்யாணம்?"

"அது முருகன் நடத்தினது மாமி. நான் பசியில தலைய ஆட்டினேன்."

ஆபீசர் எழுந்து வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சாமி இல்லைன்னா, அன்னிக்கு என்னை அதட்டி உட்கார வெச்சது யாருங்காணும்?" என்றார்.

இவர் தரையைப் பார்த்தார். "அது நாந்தான் சார் போலிருக்கு."

முதலில் ஆபீசர்தான் சிரித்தார். பிறகு டோலக் வாசிக்கும் எதிர் வீட்டுக்காரர். பிறகு கூடமே சிரித்தது. என் வீட்டுக்காரரும் தோள் குலுங்கச் சிரித்தார். ஆபீசர் அந்த நாற்காலியைத் தானே தூக்கிச் சுவரோரம் போட்டுவிட்டு, ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டினார். இவர் போய் உட்கார்ந்தார். அவருக்குச் சமமாக இவர் உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன். பஜனை தொடங்கியது. மாமி மட்டும் இடையில் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "எங்காத்துலேயும் மாத்திரை சாப்பிடறார், ஏகாதசியன்னிக்கு என்ன பண்றது" என்று ரகசியமாகக் கேட்டார். நர்ஸ் சொன்னதை எனக்குத் தெரிந்தவரை சொன்னேன்.

அதன்பின் அவர் விரதங்களை நான்தான் இருந்தேன். வீட்டில் யாராவது காரணமில்லாமல் எரிந்து விழுந்தால் பதிலுக்குக் கோபிப்பதற்கு முன், சாப்பிட்டாயா என்று கேட்கிற பழக்கமும் எனக்கு அப்போது வந்ததுதான். குணம் என்று நாம் சண்டை போடுவதில் எவ்வளவு வெறும் வயிறு, எவ்வளவு தூக்கமில்லாமை என்று நினைத்தால் எனக்கு மனிதர்கள் மேல் பாவமாக இருக்கிறது.

அந்தத் தைக் கிருத்திகையன்று பஜனை முடிந்து பனியில் நடந்து திரும்பினோம். தெரு விளக்கின் கீழே அவர் திடீரென்று நின்று என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"என்ன?" என்றேன்.

"வேர்க்குதான்னு பாத்தேன். நாள் முழுக்க நீ ஒண்ணும் சாப்பிடலல்லா."

"நான் மாத்திரை திங்கலையே. எனக்கு ஒண்ணும் ஆகாது."

"இருக்கட்டும்" என்று பிரசாதப் பொட்டலத்திலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்து என் கையில் கொடுத்தார். நான் தின்று முடிக்கும் வரை நடக்காமல் நின்றார்.